சங்கத்து வைனும் சிவப்பு மூடிப் பிளாஸ்க்கும்

மொன்றியல்
10 பெப்ரவரி 1996, சனிக்கிழமை

என்றும் மதிப்புக்குரிய பேரின்பநாதன் மாமா அவர்களுக்கு,

துஷாந்தினி எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் வீட்டுச் சூடாக்கி வேலை செய்யும் அளவுக்கு நலம்; அதாவது பகலில் நலம், விடியற்காலையில் சுமார். ஸ்காபரோவில் நீங்களும் மாமியும் சுகமாக இருக்கவும், உங்கள் முழங்கால் நோ குறையவும், வாசலில் குவியும் பனியை நீங்கள் வழிக்காமல் வீட்டிலுள்ள இளசுகள் வழிக்கவும் அம்மா தினமும் விளக்கு வைக்கும்போது சொல்லிக்கொள்கிறா. கடைசி வேண்டுதல் பலிக்கவில்லை என்று மாமி போனில் சொன்னாவாம்.

இதையும் நான் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் மூன்றாவது வசனத்திலேயே குறுக்கே ஒரு கேள்வி கேட்பீர்கள், நான் பதில் சொல்வேன், அந்தப் பதிலுக்குள்ளிருந்து இன்னொரு கேள்வியை எடுப்பீர்கள், கடைசியில் நான் எதற்காக எடுத்தேன் என்பதே எனக்கு மறந்துபோகும். இருபத்தேழு வருடம் கூட்டுறவுப் பரிசோதகராக இருந்த ஒருவரிடம் எழுத்தில் கொடுப்பதே முறை. கேட்க வந்தது ஒன்றே ஒன்று. வருகிற வியாழக்கிழமைக்குள் நீங்கள் அப்பாவுக்குப் போன் எடுத்து, 'பிள்ளை அந்தப் படிப்பைப் படிக்கட்டும்' என்று சொல்லவேண்டும். வெள்ளிக்கிழமையோடு பதிவு முடிகிறது. என்ன படிப்பு, ஏன் நீங்கள் சொல்லவேண்டும் என்பவை கீழே வருகின்றன. கொஞ்சம் நீளம். கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கோ.

நான் சென்ட் லோரன்டில் ஓர் இறக்குமதிக் கம்பனியில் பற்றுச்சீட்டு அடிக்கிற வேலை செய்வது உங்களுக்குத் தெரியும். எதை இறக்குமதி செய்கிறார்கள் என்று அப்பா சொல்லியிருக்க மாட்டார். கேட்பவர்களுக்கு 'ஐரோப்பியச் சாமான்' என்பார். விடாமல் கேட்டால் 'கண்ணாடிச் சாமான்' என்பார். அது பொய்யில்லை. கண்ணாடிக்குள் வைன் இருக்கிறது. அப்பாவே டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு அடைக்கிற இடத்தில் நாள் முழுக்கச் சின்னச் சின்ன வைன் போத்தல்களைத் தள்ளுவண்டியில் அடுக்குகிறார் என்பதை நான் ஒருமுறை நினைவுபடுத்தினேன். 'நான் அடுக்கிறன். நீ மணக்கிறாய். ரெண்டும் ஒண்டோ?' என்றார்.

மணந்த கதை இதுதான். போன புரட்டாதியில் எங்கள் முதலாளி மதாம் யோசெப்பின் ருசி பார்க்கும் அறையில் நாலைந்து பேரோடு நின்றுகொண்டிருந்தா. நான் கையெழுத்து வாங்கப் போனேன். போனவள் சும்மா வந்திருக்கலாம். மேசையில் இருந்த ஒரு கிளாஸைக் கடக்கும்போது, 'இது மழையில் நனைந்து காயாத சாக்கு மணக்கிறது' என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மதாம் அந்தக் கிளாஸை எடுத்து மணந்துபார்த்தா, இன்னொருவரிடம் கொடுத்தா, அவர் முகத்தைச் சுளித்தார். தக்கை பழுதான போத்தலாம். பழகியவர்களே சிலவேளை தவறவிடுவார்களாம். 'உனக்கு இது எப்படித் தெரியும்?' என்று கேட்டா. மாமா, வைன் எனக்கு எங்கே தெரியும்? எனக்குத் தெரிந்தது வெங்காயச் சங்கத்துக் களஞ்சியம். ஏழு வயதில் உங்கள் சைக்கிள் பாரில் குந்தியிருந்து நானும் பரிசோதனைக்கு வந்திருக்கிறேன். மூட்டையின் மேலே கண்ணைப் பறிக்கிற பெரிய வெங்காயம் இருக்கும். நீங்கள் அதைப் பார்க்கவே மாட்டீர்கள். சேர்ட் கையை மடித்து, முழங்கை மறையும் வரை மூட்டைக்குள் விட்டு, அடியிலிருந்து ஒரு பிடியை அள்ளி எடுத்து மணப்பீர்கள். தோட்டக்காரர் வானத்தைப் பார்ப்பார். இதையெல்லாம் பிரெஞ்சில் சொல்ல எனக்கு வரவில்லை. 'என் மாமா அரசாங்க உத்தியோகத்தர்' என்று மட்டும் சொன்னேன். மதாம் மரியாதையோடு தலையாட்டினா.

அதற்குப் பிறகு எதை ருசி பார்த்தாலும் என்னையும் கூப்பிடத் தொடங்கினா. தைப்பொங்கலுக்கு அடுத்த வாரம் ஒரு பேச்சுப் பேசினா. நகரத்தில் மூன்று உணவகங்கள் வைத்திருக்கும் வின்சன்ட் என்பவர், தன் உணவகங்களில் கிளாஸ் கணக்கில் ஊற்றிக்கொடுக்க ஒரு சிவப்பு வைன் தேடுகிறார். போத்தல் விலை பத்து டொலரைத் தாண்டக்கூடாது, வந்தவர்கள் இரண்டாவது கிளாஸ் கேட்கவேண்டும். அதை நீ தெரிவுசெய், என்றா. அவர் உன் தெரிவை எடுத்தால் நீ கொள்முதல் பகுதிக்கு வா, ஆனால் ஹோட்டல் பள்ளிக்கூடத்தில் மாலை வகுப்பு எட்டு மாதம் படித்துச் சான்றிதழ் எடுக்கவேண்டும். எடுக்காவிட்டால் பற்றுச்சீட்டு இருக்கவே இருக்கிறது. மாமா, பற்றுச்சீட்டு நல்ல வேலைதான். ஆனால் வாழ்க்கையில் முதன்முதலாக, எனக்குத் தெரியும் என்று எனக்கே தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. அதை விட மனம் வரவில்லை.

அங்கே தொடங்கியது வில்லங்கம். வைன் ருசிப்பவர்கள் விழுங்குவதில்லை. வாயில் உருட்டிவிட்டு, ஒரே கோடாக, பக்கத்திலிருப்பவர் சட்டையில் தெறிக்காமல் துப்பவேண்டும். அதற்குப் பழக்கம் வேண்டும் என்று நான் குளியலறையைப் பூட்டிக்கொண்டு பழகினேன். மூன்றாம் நாள் கழுவாமல் விட்ட இரண்டு துளியை அம்மா கண்டுவிட்டா. 'ஐயோ, பிள்ளை இரத்தமாக் கக்குது!' என்று ஒரு சத்தம். அப்பா டோர்வலில் இருந்து சீருடையோடு ஓடிவந்தார். கிளினிக்கில் நெஞ்சுப் படம் எடுக்கக் கடுதாசி எழுதும் வரை நான் வாயைத் திறக்கவில்லை. பிறகு டாக்குத்தரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் வெளியே இருந்தவர்கள் எட்டிப்பார்த்தார்கள். திரும்பி வரும் பஸ்ஸில், மதாம் சொன்ன மாலை வகுப்பு வரை வீட்டாருக்கும் சொல்லிவிட்டேன். அம்மா கேட்டா: 'துப்புறதெண்டால் ஏன் குடிக்கிறாய்? குடிக்கிறதெண்டால் ஏன் துப்புறாய்?' அப்பா யன்னலைப் பார்த்துக்கொண்டு, 'இந்தத் துப்புற வேலைக்கோ நான் உன்னை இஞ்சை கூட்டிக்கொண்டு வந்தனான்?' என்றார். நோய் இல்லை என்று தெரிந்த பிறகும், அம்மா வைத்த நேர்த்தி வைத்ததுதான் என்று கோயிலில் நூற்றெட்டு விளக்கு ஏற்றினா. ஐயர் எதற்கென்று கேட்க, 'பிள்ளையின்ர வேலை விஷயமா' என்றா. அது உண்மையாகிவிட்டது.

ஆறு வகைப் போத்தல்களில் நாலைத் தள்ளிவிட்டேன். மிஞ்சியது இரண்டு. ஒன்றின் ஒட்டுத்தாளில் அரண்மனைப் படம், தங்கப் பதக்கம், சுருண்ட எழுத்து. மற்றதில் ஒன்றுமில்லை. பெயர், வருடம், ஒரு ஊர். அது பிரான்சின் தெற்கே, ஸ்பெயின் எல்லைக்குப் பக்கத்தில், நூற்று நாற்பது திராட்சைத் தோட்டக்காரர் சேர்ந்து நடத்தும் கூட்டுறவுச் சங்கத்தின் வைன்.

இந்த இடத்தில் நீங்கள் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு, 'கூட்டுறவு எண்டால் எல்லாரும் சேர்ந்து தண்ணி விடுறது' என்று மாமிக்குச் சொல்வீர்கள். தெரியும். எடுத்து வாசியுங்கோ.

அவர்களுடைய பத்திரங்களை அகராதியோடு உட்கார்ந்து வாசித்தேன். அந்தச் சங்கமும் முன்பு நிறைக்குத்தான் காசு கொடுத்ததாம். நிறைக்குக் காசென்றால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கொடி தாங்கும் அளவுக்கு மேல் குலை விட்டார்கள். பழம் பெருத்தது, வைன் மெலிந்தது. ஒரு வருடம் விற்காமல் தொட்டி தொட்டியாக நின்றதாம். கூட்டம் போட்டார்கள், கதிரை எறிந்தார்கள் (இது பத்திரத்தில் இல்லை, என் ஊகம்), கடைசியில் நிறையை விட்டுவிட்டுத் தோட்டத்தைப் பார்த்துக் காசு கொடுப்பது என்று முடிவெடுத்தார்கள். இப்போது ஆடி மாதத்தில் ஒருவர் கொப்பியோடு ஒவ்வொரு தோட்டமாக நடக்கிறார். குலை கூடிப்போன தோட்டத்துப் பழம், யாருடையதாக இருந்தாலும், தலைவருடையதாக இருந்தாலும், மலிவுத் தொட்டிக்குத்தான் போகும். அந்த ஊரில் அவருக்கு என்ன பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. எங்கள் ஊரில் உங்களுக்கு வைத்திருந்ததை நான் இங்கே எழுதப்போவதில்லை.

எல்லாச் சங்கமும் இப்படி என்று நான் சொல்லவில்லை. தள்ளிவிட்ட நாலில் ஒன்று இன்னொரு சங்கத்தினுடையது; அது உங்கள் சொல்லுக்குச் சாட்சியாகவே செய்தது போல இருந்தது. ஆனால் இந்தச் சங்கத்தின் வைனுக்குள் முழங்கை வரை விட்டுப் பார்த்தேன் மாமா. மேலே இருப்பதுதான் அடியிலும் இருக்கிறது. வெயில் காய்ந்த கல்லும், கொஞ்சம் கறுவாவும், நாக்கின் ஓரத்தில் நாவல்பழத்தின் துவர்ப்பும். விலையோ அரண்மனையின் விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேல். நூற்று நாற்பது பேருக்கு ஒரே ஆலை, ஒரே தொட்டிவரிசை, ஒரே லொறி. திருத்துவதற்கு அரண்மனைக் கூரை இல்லை. காசு முழுக்கப் போத்தலுக்குள் இருக்கிறது.

வின்சன்ட் தன் உணவகத்தில் ருசி பார்க்கும் நாள் பெப்ரவரி ஐந்து, திங்கட்கிழமை காலை பத்து மணி. ஒவ்வொன்றிலும் இரண்டு போத்தலாக, நாலையும் பனிச் சப்பாத்து அலுமாரிக்குள் ஒளித்து வைத்தேன். சங்கத்து வைனில் கூடுதலாக இருந்த ஒன்றை மட்டும் புதன்கிழமையே திறந்து, தினமும் கொஞ்சம் கிளாஸில் ஊற்றிப் பார்த்துவிட்டு மூடி, சமையலறை யன்னலோரக் குளிரில் நல்லெண்ணெய்ப் போத்தலுக்குப் பின்னால் வைத்தேன். திறந்த பின் எத்தனை நாள் தாங்கும் என்று பார்க்க.

ஞாயிற்றுக்கிழமை செயின்ட்-மிஷேலில் ஒரு மண்டபத்தில் அப்பாவின் சிநேகிதர் ஞானேந்திரன் மாமாவின் பேரனுக்கு முதலாவது பிறந்தநாள். உங்கள் பக்கத்திலும் இதே வழமைதான் என்று நினைக்கிறேன்: மண்டபத்துக்குள் கேக், பலகாரம், சோடா, வெளியே கார்த் தரிப்பிடத்தில் ஏதோ ஒரு காரின் டிக்கி திறந்திருக்கும், ஆண்கள் ஒவ்வொருவராக 'காரைப் பூட்டினனானோ தெரியேல்லை' என்று எழும்பிப் போவார்கள். இம்முறை ஞானேந்திரன் மாமாவுக்கு நெஞ்சுநோ வந்ததால் டாக்குத்தர் விஸ்கியை நிறுத்திவிட்டு, வேண்டுமென்றால் கொஞ்சம் சிவப்பு வைன் என்று சொல்லிவிட்டாராம். தொலைக்காட்சியிலும் அதைத்தான் சொல்கிறார்களே. அவர் முதல்நாளே போனில் அப்பாவைப் பிடித்துக்கொண்டார்: 'அண்ணை, உங்கட மகள் கண்ணாடிச் சாமான் கொம்பனியிலதானே வேலை?' ஊருக்கே தெரிந்திருக்கிறது மாமா, அது அப்பாவுக்குத்தான் தெரியாது.

அப்பா எனக்குச் சொல்லாமல் அலுமாரியைத் திறந்தார். போத்தலோடு போனால் மண்டபத்துப் பெண்கள் காண்பார்கள், குளிருக்கும் நல்லது என்று வீட்டிலிருந்த இரண்டு பெரிய தேத்தண்ணிப் பிளாஸ்க்கை எடுத்தார். அரண்மனை வைனைச் சிவப்பு மூடிப் பிளாஸ்க்கில் ஊற்று, அது முக்கியமான ஆக்களுக்கு. வெறும் ஒட்டுத்தாள்காரனை நீல மூடியில் ஊற்று, அது சும்மா கேட்கிறவைக்கு என்று அம்மாவுக்கு உத்தரவு. சிவப்பு மூடி நீங்கள் போன வருடம் அனுப்பிய பிளாஸ்க். அதற்கு வீட்டில் அந்த மதிப்பு.

நான் மண்டபத்துக்குள் கேக் வெட்டிக்கொண்டிருந்தேன். நாலு மணிக்குக் காரில் வீடு திரும்பும்போது அப்பா பாட்டுப் பாடாத குறை. 'எட்டுப் பேர் நிண்டவங்கள். சிவப்பு மூடி கால் மணித்தியாலத்தில முடிஞ்சுது. நீல மூடி பாதி அப்பிடியே கிடக்கு. ஞானேந்திரன் என்ன சொன்னவன் தெரியுமோ? அண்ணை, சிவப்பு மூடியை இஞ்சால தாங்கோ, நீல மூடியை உங்கட வீட்டுக்காரனுக்குக் குடுங்கோ, வாடகையைக் கூட்டுறானெல்லோ எண்டான்!'

'என்னத்தின்ர மூடி, அப்பா?' என்றேன்.

கார் ஒரு சிவப்பு விளக்கில் நின்றது. பச்சை விழுந்த பிறகும் நின்றது. பின்னாலிருந்தவன் ஹோர்ன் அடித்தான்.

'உன்ர சப்பாத்து அலுமாரிப் போத்தல்தான். நாலும்' என்றார். 'நீ படம் போட்டதையே கொண்டு போ, பிள்ளை. எட்டுப் பேரும் கேட்டது அதைத்தான்.'

'எதைக் கொண்டு போறது? குடிச்சு முடிச்சிட்டியளே!'

அம்மா முன்சீற்றில் இருந்து, 'நான் ஒண்டும் குடிக்கேல்லை' என்றா.

வீட்டுக்கு வந்ததும் கோட்டைக் கழற்றாமலே இரண்டு பிளாஸ்க்கையும் திறந்து மூக்கை விட்டேன். நீல மூடிக்குள் மிஞ்சிக் கிடந்தது அரண்மனை. சிவப்பு மூடிக்குள், தேயிலை மணத்துக்குக் கீழே, வெயில் காய்ந்த கல். எட்டுப் பேரும் அடித்துப்பிடித்துக் குடித்தது சங்கத்து வைன்! 'அம்மா, நீங்கள் மாறியெல்லோ ஊத்தியிருக்கிறியள்' என்றேன். 'நான் என்னெண்டு பாக்கிறது? சாராயம் ஊத்தேக்க கண்ணை மூடிக்கொண்டுதானே ஊத்தினன்' என்றா. மாமா, மதாம் யோசெப்பின் ஒட்டுத்தாளைத் துணியால் மறைத்துத்தான் ருசி பார்க்க வைப்பா. எங்கள் அம்மா ஊற்றுகிறவரின் கண்ணையும் சேர்த்து மறைத்துவிட்டா.

சந்தோசப்படலாம். ஆனால் கையில் ஒன்றுமில்லை. கம்பனியில் அரண்மனைப் போத்தல் இருந்தது. சங்கத்தினுடையது மாதிரிக்கு வந்தது அவ்வளவுதான். சமையலறைக்குப் போனேன். நல்லெண்ணெய்க்குப் பின்னால், புதன்கிழமை திறந்த அரைப் போத்தல் அப்படியே நின்றது. 'அப்பா, இதை ஏன் எடுக்கேல்லை?' என்று கேட்டேன். அவருக்கு ரோசம் வந்துவிட்டது. 'அது நீ வாய் வைச்ச எச்சில் எல்லோ! எச்சில் சாமானை மற்றவைக்குக் குடுக்கிறதோ? என்னை என்னெண்டு நினைச்சாய்?' கிளாஸில் ஊற்றித்தான் பார்த்தேன், வாய் வைக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. அந்த எச்சில்தான் என்னிடம் மிஞ்சியிருந்த ஒரே நம்பிக்கை.

திங்கள் காலை அந்த அரைப் போத்தலைக் குழந்தையைப் போலச் சால்வையில் சுற்றிக்கொண்டு மெற்றோவில் போனேன். வின்சன்ட் பெரிய உடம்பு, சிறிய கண்ணாடி. முதலில் அரண்மனையைப் பார்த்தார். தலையாட்டினார். பிறகு என்னுடையதைப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். துப்பவில்லை, விழுங்கிவிட்டார். 'ஏன் அரைப் போத்தல்?' என்று கேட்டார். மதாம் என்னைப் பார்த்த பார்வையில் பற்றுச்சீட்டுகள் தெரிந்தன. பொய் சொல்ல எனக்குப் பிரெஞ்சு போதாது. 'புதன்கிழமை திறந்தது. மற்றப் போத்தல்களை என் அப்பாவின் சிநேகிதர்கள் கார்த் தரிப்பிடத்தில் குடித்துவிட்டார்கள்' என்றேன்.

'புதன்கிழமையா?' என்று எழும்பி உள்ளே போனார். முடிந்தது என்று சால்வையை மடித்தேன். அவர் தன் உணவகத்தில் இப்போது ஊற்றும் வைன் போத்தல் ஒன்றோடு வந்தார். சனிக்கிழமை திறந்ததாம். மூவரும் மணந்தோம். புளித்த மணம், சலாட்டுக்கு ஊற்றலாம். 'கிளாஸ் கணக்கில் விற்கிறவனுக்கு இதுதான் தலையிடி. திறந்தால் இரண்டாம் நாளே போய்விடுகிறது. உன்னுடையது ஐந்து நாளாகியும் நிமிர்ந்து நிற்கிறது. யாருடைய தோட்டம்?' 'நூற்று நாற்பது பேருடையது' என்றேன். 'அந்தச் சிநேகிதர்கள் என்ன சொன்னார்கள்?' 'மற்றதை வீட்டுக்காரனுக்குக் கொடுக்கச் சொன்னார்கள்.' சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூன்று உணவகத்துக்கும் எடுத்துவிட்டார், மாமா.

இனி மிஞ்சியிருப்பது அப்பா மட்டும். வியாழக்கிழமை சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் சொன்னேன். வென்றது என்றதும் முகம் மலர்ந்தது. வென்றது சங்கத்தினுடையது என்றதும் புட்டைப் பிசைவதை நிறுத்திவிட்டார். 'சங்கத்துச் சாமானோ? எட்டுப் பேரும் குடிச்சது சங்கத்துச் சாமானோ? அப்ப பேரின்பநாதன் மச்சான் இருபத்தேழு வருஷமாச் சொன்னது பிழையோ?' பிறகு, 'மச்சானிட்டைக் கேள். சங்கத்துச் சாமானும் நல்லதா இருக்கும் எண்டு அவற்ர வாயால வந்தால் நீ போய்ப் படி' என்றார்.

எனக்கு இருபத்தைந்து வயது. படிப்பில் சேர அப்பாவின் அனுமதி தேவையில்லை. ஆனால் அப்பா கேட்பவர்களுக்கெல்லாம் 'கண்ணாடிச் சாமான்' என்று சொல்லிக்கொண்டிருக்க நான் எட்டு மாதம் பின்கதவால் வகுப்புக்குப் போக விரும்பவில்லை. முன்கதவால் போகவேண்டும். அதனால்தான் கேட்கிறேன். சங்கங்களைப் பற்றி நீங்கள் சொன்னது பிழையில்லை; அடியில் கையை விட்டுப் பார்க்க ஆள் இல்லாத சங்கங்களைப் பற்றிச் சொன்னீர்கள். ஆள் இருந்தால் எப்படி வரும் என்பதற்கு இந்த வைன் சாட்சி. தயவுசெய்து 'ஓம்' என்று சொல்லுங்கோ.

மாமிக்கு என் அன்பும், உங்கள் முழங்காலுக்கு அம்மா அனுப்பும் எண்ணெயும், வீட்டிலுள்ள எல்லாருக்கும் எங்கள் விசாரிப்பும் இத்துடன் வருகின்றன. எண்ணெய்ப் போத்தல் எண்ணெய்ப் போத்தல்தான், மணந்துபார்க்கலாம்.

உங்கள் சொல்லுக்குக் காத்திருக்கும்,
துஷாந்தினி

பி.கு.: மாமா, மேலே எழுதிய எல்லாவற்றையும் விட்டுவிடுங்கோ. முத்திரை தேடி அப்பாவின் மேசை லாச்சியைத் திறந்தேன். கடவுச்சீட்டுகளோடு ஹோட்டல் பள்ளிக்கூடத்தின் பதிவு ரசீது கிடக்கிறது. என் பெயரில். செவ்வாய்க்கிழமைத் திகதி. அதாவது 'மச்சானிட்டைக் கேள்' என்பதற்கு இரண்டு நாள் முன்பே, வேலைக்கு அரைநாள் லீவு போட்டுப் போய்ப் பதிந்துவிட்டார். படிவத்தின் பிரதியும் கிடக்கிறது. 'இப்படிப்பில் சேர்வதற்கான காரணம்' என்ற இடத்தில், அப்பாவுக்குத் தெரிந்த பிரெஞ்சில், பெரிய எழுத்தில், ஒரே ஒரு வரி: என் மகள் கண்டுபிடிப்பாள்.

அம்மாவிடம் ஓடினேன். அவ அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னா: 'உன்ர மாமா ஒருநாளும் ஓம் எண்டு சொன்ன ஆளில்லை. அதுக்காகத்தான் கேக்கச் சொன்னவர். அண்ணை மாட்டன் எண்டால்தானே, உன்ர கொப்பர் எழும்பி நிண்டு, என்ர பிள்ளை படிக்கத்தான் வேணும் எண்டு சண்டை பிடிக்கலாம். ரெண்டு நாளாக் குளியலறைக்குள்ள பூட்டிக்கொண்டு பேசிப் பழகிறார்.'

ஆகவே மாமா, போன் எடுங்கோ. கட்டாயம் எடுங்கோ. ஆனால் 'கூடாது' என்று சொல்லுங்கோ. உங்கள் வழக்கம்போல ஒரு பத்து நிமிடம் குறுக்குக் கேள்வி கேளுங்கோ, சங்கத்தைத் திட்டுங்கோ, அவர் குரல் உயரும் வரை விடாதேயுங்கோ. முப்பது வருடத்தில் அப்பா உங்களிடம் வெல்லப்போகும் முதல் வாதம் இது. தயவுசெய்து தோற்றுப்போங்கோ.